ஒரே ‘செக்’, எத்தனை வேலை? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

நிலாமுற்றம்:
வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிட்டு அப்புறம் கேள்விக்கு வருகிறேன். ஆட்சிமுறைகளைப் பற்றிய ஓர் ஆங்கில நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். சட்டம் இயற்றுபவர்கள், ஆட்சி நடத்துபவர்கள், நீதிபதிகள் என்ற மூன்று தரப்பும் ஒன்றையொன்று எப்படி அத்துமீறாமல் பார்த்துக்கொள்கின்றன என்று ஓர் அத்தியாயம். அதன் தலைப்பில் ‘செக்’, ‘பேலன்ஸ்’ இரண்டும் பன்மையில் வரும். (முதல் சொல்லின் பன்மையைத் தமிழ் எழுத்தில் எழுதினால் நெறியாளர் இழையையே பூட்டிவிடுவார். ஒருமையோடு நிறுத்திக்கொள்கிறேன்.) நள்ளிரவுத் தூக்கக் கலக்கத்தில் அதைக் ‘காசோலைகளும் இருப்புத் தொகைகளும்’ என்று தட்டிவிட்டேன். திரும்பப் பார்க்காமல் அனுப்பியும்விட்டேன். தொகுப்பாசிரியர் தொலைபேசியில் நன்றாகச் சிரித்து முடித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.

அதோடு போகவில்லை. இன்னோர் இடத்தில் ஒரு மன்னர் தன் கோபத்தைச் ‘செக்’கில் வைத்திருக்கிறார். நான் ‘கோபத்தைச் சரிபார்த்து வைத்துக்கொண்டார்’ என்று எழுதியிருக்கிறேன். என்ன சரிபார்த்தாரோ, கூட்டுத்தொகை சரியாக இருந்ததோ என்னவோ.

இப்போது கேள்வி. சரிபார்ப்பதும் செக், தடுப்பதும் செக், காசோலையும் செக், கட்டம் போட்ட துணியும் செக், சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைப்பதும் செக். இவை எல்லாம் ஒரே சொல்தானா? இல்லை, ‘மதி’ நிலாவையும் அறிவையும் குறிக்கிற மாதிரி, வெவ்வேறு சொற்கள் தற்செயலாக ஒரே ஒலியில் வந்து நிற்கின்றனவா?

கறுப்புக்குதிரை:
ஒரே சொல்தான். நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் தாய். சதுரங்கக்காரன் என்பதால் எங்கள் பக்கம் இழுக்கிறேன் என்று நினைக்காதீர்கள், உண்மையே அதுதான்.

பாரசீகத்தில் ‘ஷா’ என்றால் மன்னர். ஷாஜகானில் இருக்கிற அதே ஷா. சதுரங்கம் நம் பக்கத்திலிருந்து பாரசீகம் போனபோது ‘சத்ரங்’ ஆனது. அங்கிருந்து அரபிக்குப் போய் ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நான்கு அங்கம் உள்ள படை என்பதுதான் பெயரின் பொருள், அது உங்களுக்குத் தெரியும். அந்த ஆட்டத்தில் எதிராளியின் ராஜாவைத் தாக்கும்படி ஒரு காயை வைத்தால், ‘ஷா!’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘ராஜாவைப் பார்த்துக்கொள்’ என்ற எச்சரிக்கை. அரபியர் வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனபோது இந்தக் கூவலும் கூடவே போனது. லத்தீனில் ‘ஸ்காக்குஸ்’ ஆகி, பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’ ஆகி, ஏறத்தாழ 1300வாக்கில் ஆங்கிலத்துக்குச் ‘செக்’ என்று வந்து சேர்ந்தது.

ஒரு கூடுதல் செய்தி: அந்தப் பழைய பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்ததுதான் ‘செஸ்’. அதாவது செஸ் விளையாடலாமா என்று கேட்பவர், சொல்லின் வரலாற்றுப்படி, ‘ராஜாக்கள் விளையாடலாமா’ என்று கேட்கிறார்.

புதுவரவு:
அப்படியானால் செக் குடியரசு? அதுவும் ராஜாவா?

கறுப்புக்குதிரை:
இல்லை. அது ஒரு மக்களினத்தின் பெயர், அவர்கள் மொழியிலேயே ‘செக்’கை ஒட்டிய ஒலிதான். இந்தக் குடும்பத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு.

வேர்ச்சொல்தேடி:
எல்லோரும் பாரசீகத்துக்கு ஓடுகிறீர்களே, வீட்டில் இருப்பதைப் பார்க்க மாட்டீர்களா? தமிழில் ‘செகுத்தல்’ என்று ஒரு வினை இருக்கிறது. கொல்லுதல், அழித்தல் என்று பொருள். ராஜாவைக் கொல்ல வருவதற்குச் ‘செகு’ என்றால் பொருத்தமாக இல்லையா? ‘செக்மேட்’டில் வரும் மேட்டும் ‘மாட்டு’தான். செகுத்து மாட்டுவது. ஆட்டம் போனது இங்கிருந்து என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். சொல் மட்டும் ஏன் அங்கிருந்து வர வேண்டும்?

பழஞ்சுவடி:
செகுத்தல் நல்ல பழந்தமிழ்ச் சொல், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த வழக்கில் அது குற்றவாளி இல்லை, ஐயா.

காரணம் சொல்கிறேன். ‘செ’ என்ற உயிரொலி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் இருக்கிறது. கொஞ்சம் வெளியே போய்ப் பாருங்கள். ரஷ்ய மொழியில் ‘ஷாக்’. ஆட்டத்தின் பெயரே ‘ஷாக்மதி’. ஜெர்மனில் ‘ஷாக்’. ஸ்பானியத்தில் இப்போது ‘ஹாக்கே’, பழைய ஸ்பானியத்தில் அதையே ‘ஷாக்கே’ என்று உச்சரித்தார்கள். இத்தாலியத்தில் ‘ஸ்காக்கோ’. எல்லா இடத்திலும் நடுவில் ஆகாரம் அல்லது அகரம். பிரெஞ்சு அதை எகரமாக்கியது, ஆங்கிலம் பிரெஞ்சிடமிருந்து அதை வாங்கிக்கொண்டது. தமிழ் ‘செகு’ மூலமாக இருந்தால், எகரம் ஆரம்பத்திலேயே இருந்து, நடுவில் எல்லா மொழிகளிலும் காணாமல் போய், கடைசியில் பிரெஞ்சில் மட்டும் உயிர்த்தெழுந்திருக்க வேண்டும். அது நடக்கிற காரியமா? இரண்டு சொல் இன்று ஒரே மாதிரி ஒலிப்பதை வைத்து உறவு சொல்லக் கூடாது. வந்த வழியில் ஒவ்வொரு ஊரிலும் அது எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும்.

ஆனால் உங்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. பாரசீக ‘ஷா’வின் பழைய வடிவம் ‘க்ஷாயத்திய’. பெஹிஸ்துன் மலையில் டாரியஸ் மன்னர் வெட்டிவைத்த கல்வெட்டில், தன்னை மன்னர்களின் மன்னன் என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை. ஆளுதல் என்று பொருள்படும் அதன் வேரும், சமஸ்கிருதத்தின் ‘க்ஷத்ர’, ‘க்ஷத்ரிய’ என்பவற்றின் வேரும் ஒன்றே. அந்தச் சொல்தான் தமிழில் ‘சத்திரியர்’ என்று வழங்குகிறது. ஆக, சத்திரியரும் வங்கிக் காசோலையும் தூரத்துப் பங்காளிகள்.

வேர்ச்சொல்தேடி:
சரி, செகுத்தலை விட்டுவிடுகிறேன். மாட்டை விட மாட்டேன்.

கறுப்புக்குதிரை:
அதையும் விட்டுவிடுங்கள். ‘ஷா மாத்’ என்பது முழுத் தொடர். அரபியில் ‘மாத’ என்றால் ‘இறந்தான்’. அதனால் ‘ராஜா செத்தார்’ என்றுதான் பல புத்தகங்களில் போட்டிருக்கும், ஐரோப்பியர்களும் நெடுநாள் அப்படியே நம்பினார்கள். பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் திகைத்துப் போனவர், செயலற்று நிற்பவர். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஆட்டத்தைப் பார்த்தாலே தெரியும். மற்ற எல்லாக் காயையும் வெட்டி வெளியே எடுத்து வைக்கிறோம், ராஜாவை மட்டும் யாரும் வெட்டுவதில்லை. போக இடம் இல்லாமல் கட்டத்துக்குள்ளேயே நிற்பார், ஆட்டம் முடிந்துவிடும். செத்தவர் எப்படி நிற்பார்? இந்துஸ்தானியில் ‘மாத் தேனா’ என்றால் தோற்கடிப்பது, அதுவும் இதே சொல்தான்.

ஆங்கிலத்தில் நண்பனைக் கூப்பிடும் ‘மேட்’டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன், இல்லாவிட்டால் அடுத்த கேள்வி அதுதான் வரும்.

புதுவரவு:
அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். 🙂 அப்படியே ராணியின் பழைய பெயர், யானை எப்படி பிஷப் ஆனது…

நெறியாளர்:
காய்களுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே ‘செக்’ மட்டும்.

நிலாமுற்றம்:
ராஜா வந்த வழி புரிகிறது. ஆனால் ‘ராஜா!’ என்ற கூவல் எப்படிச் ‘சரிபார்’ ஆனது? இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறதே.

கறுப்புக்குதிரை:
பள்ளத்தில் படிக்கட்டு இருக்கிறது. ராஜாவுக்குச் செக் வந்துவிட்டால் உங்கள் திட்டம் எல்லாம் அப்படியே நிற்கும். அடுத்த நகர்வில் மந்திரியைத் தூக்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். முடியாது. முதலில் ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். அதனால் ‘செக்’ என்பது ஓடிக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று நின்றுபோவதைக் குறிக்க ஆரம்பித்தது. வேட்டைப் பருந்து பழக்குபவர்களிடமும் இந்தச் சொல் இருந்தது: விரட்டிப்போன இரையை விட்டுவிட்டு, குறுக்கே வந்த வேறு பறவைமேல் பருந்தின் கவனம் திரும்பினால் அதற்குச் செக் என்றார்கள். போரில் படை தடைபட்டால் செக். அப்புறம் நிறுத்துவது, கட்டுக்குள் வைப்பது. உங்கள் மன்னரின் கோபம் இந்தப் படியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அதற்கு அடுத்த படி சரிபார்ப்பது. ஒருவர் தப்புச் செய்யாமல் தடுக்க என்ன வழி? அவர் கணக்கை இன்னொரு கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒப்பிடுவதே தடுப்பு. அந்த ஒப்பிடலுக்கே செக் என்ற பெயர் வந்துவிட்டது. இந்தப் பொருள் பதினேழாம் நூற்றாண்டில்தான் நன்றாகத் தெரிய ஆரம்பிக்கிறது. நமக்கு முதலில் ஞாபகம் வரும் பொருள் இது. ஆனால் குடும்பத்தில் இளைய பிள்ளை.

கூட்டல்கழித்தல்:
வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். காசோலை விஷயத்துக்கு வரட்டுமா?

இங்கிலாந்து அரசின் கருவூலத்துக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர். இன்றும் அந்நாட்டு நிதியமைச்சர் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’தான். பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்கர்’ என்றால் சதுரங்கப் பலகை. கருவூலத்துக்கு ஏன் பலகையின் பெயர்? பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே கணக்குப் பார்த்த விதம் அப்படி. பத்தடி நீளம் ஐந்தடி அகலத்தில் ஒரு பெரிய மேசை. காய்கள் உருண்டு கீழே விழாமல் இருக்க நாலு விரல் உயரத்தில் சுற்றிலும் விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. அந்தக் கட்டங்களில் காய்களை வைத்தும் எடுத்தும் கூட்டினார்கள், கழித்தார்கள். ரோமன் எண்களில் ஒரு பெரிய கழித்தலைப் போட்டுப் பாருங்கள், ஏன் காய்கள் தேவைப்பட்டன என்று தெரியும். பூஜ்யம் இல்லாத காலம். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அதுவே பூஜ்யம்.

இதை எல்லாம் எழுதிவைத்தவர் அந்தக் கருவூலத்திலேயே பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல். அவரே பெயர்க்காரணமும் சொல்கிறார். மேசை சதுரங்கப் பலகை மாதிரி இருப்பது ஒன்று. இன்னொன்று, சதுரங்கத்தில் இரண்டு மன்னர்கள் மோதுவதுபோல இங்கே பொருளாளரும், மாவட்டத்தில் வரி தண்டிய ஷெரீஃபும் எதிரெதிரே உட்கார்ந்து மோதுகிறார்கள் என்கிறார். ஒருவர் இவ்வளவு வர வேண்டும் என்று காய் வைப்பார், மற்றவர் இவ்வளவு கொண்டுவந்தேன் என்று வைப்பார். தணிக்கைக்கு எதிரில் உட்கார்ந்து பழக்கப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த உவமையில் மிகை எதுவும் இல்லை.

அந்த எக்ஸ்செக்கரிலிருந்துதான் வங்கிக் ‘செக்’ வந்தது. அதனால்தான் கடைசியில் க்யூ-யூ-இ என்று எழுதுகிறோம்.

நேர்கோடு:
மேசை வரைக்கும் அருமை. கடைசிப் பத்தியில்தான் ஒரு திருத்தம். வங்கிக் காசோலை கருவூலத்தின் பேரப்பிள்ளை இல்லை, உறவுமுறையை மாற்ற வேண்டும்.

காசோலை வந்தது ‘தடுப்பு, ஒப்பீடு’ என்ற பொருளில் இருந்த சாதாரண சி-எச்-இ-சி-கே செக்கிலிருந்து. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்று சொன்னால் நாம் கிழித்துக் கொடுக்கும் தாள் இல்லை. கிழித்த பிறகு புத்தகத்தில் மிஞ்சும் அடிக்கட்டைக்குத்தான் அந்தப் பெயர். யாராவது போலி ஆவணத்தையோ திருத்திய தொகையையோ கொண்டுவந்தால், கையில் இருக்கும் அடிக்கட்டையோடு ஒப்பிட்டுத் தடுக்கலாம் அல்லவா, அதனால் அது செக். பிறகு அந்தப் பெயர் அடிக்கட்டையிலிருந்து தாளுக்குத் தாவிவிட்டது. அமெரிக்கர்கள் இன்னும் பழைய எழுத்திலேயே எழுதுகிறார்கள், நியாயமாகப் பார்த்தால் அவர்கள் பக்கம்தான் சரி.

க்யூ எழுத்து எக்ஸ்செக்கரைப் பார்த்து ஒட்டவைத்தது. 1828ல் வங்கித்தொழிலைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்: பெரும்பாலோர் சி-கே என்றுதான் எழுதுகிறார்கள், நான் க்யூவோடு எழுதுகிறேன், அப்போதுதான் மற்றச் செக்கோடு குழப்பம் வராது, எக்ஸ்செக்கருக்கும் பொருந்தி வரும் என்று. ஆக, பேரப்பிள்ளை அல்ல, பெரியப்பா வீட்டுச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்ட பையன்.

எக்ஸ்செக்கரிலேயே ஓர் எழுத்து ஒப்பனை உண்டு. பிரெஞ்சில் ‘எஸ்’ என்றுதான் ஆரம்பித்தது. லத்தீன் படித்தவர்கள் அதை லத்தீன் ‘எக்ஸ்’ என்று நினைத்துத் திருத்திவிட்டார்கள். சட்டை வாங்கிய இடத்திலேயே சட்டை இரவல்.

கூட்டல்கழித்தல்:
நாற்பது வருடமாகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இளையவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் வேறு சொல்லியிருக்கிறேன். போகட்டும், ஏற்றுக்கொண்டேன்.

அடிக்கட்டை என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. அதே கருவூலத்தில் காகிதத்துக்கு முன்னால் மரக்குச்சி ரசீது இருந்தது. பணம் கட்டியதும் ஒரு குச்சியில் தொகைக்குத் தக்கபடி வெட்டுகள் போடுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைப் பருமனில் வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அளவு, இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு வாற்கோதுமை மணி அளவு. பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். நீளமான பாதி பணம் கட்டியவருக்கு, குட்டைப் பாதி கருவூலத்துக்கு. பின்னொரு நாள் இரண்டையும் சேர்த்து வைத்தால் வெட்டுகளும் மரத்தின் ரேகைகளும் பொருந்த வேண்டும். ஒருவர் தன் பாதியில் கூடுதலாக ஒரு வெட்டுப் போட்டால் மற்றப் பாதி காட்டிக்கொடுத்துவிடும். நேர்கோடு சொல்லும் ‘ஒப்பிட்டுத் தடுப்பது’ என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் அந்தக் குச்சிதான்.

அது 1826 வரைக்கும் வழக்கத்தில் இருந்தது என்றால் நம்புவீர்களா! மலைபோலக் குவிந்துகிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் பிரபுக்கள் சபையின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். புகைக்கூண்டு தாங்கவில்லை. நாடாளுமன்றக் கட்டடமே பற்றி எரிந்து போயிற்று. இப்போது நாம் படத்தில் பார்க்கும் கட்டடம் அதற்குப் பிறகு கட்டியது. கணக்கைச் சரிபார்க்க வைத்திருந்த குச்சி, சட்டசபைக்கே செக் வைத்துவிட்டது.

பழஞ்சுவடி:
கூட்டல்கழித்தல் ஐயா, அந்தக் குச்சியின் இரண்டு பாதிக்கும் என்ன பெயர் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே, அதில்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சுவை. நீளமான பாதி ‘ஸ்டாக்’. பழைய ஆங்கிலத்தில் அதற்கு மரத்தின் அடிக்கட்டை என்று பொருள். குட்டைப் பாதி ‘ஃபாயில்’. அது லத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ‘கவுண்டர்ஃபாயில்’ என்றால் எதிர் இலை.

இப்போது தமிழைப் பாருங்கள். கவுண்டர்ஃபாயிலுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அடிக்கட்டை. செக்குக்கு நாம் வைத்த பெயர் காசு ஓலை, அதாவது இலை. அங்கே ஒரு குச்சியின் இரண்டு பாதியும் கட்டையும் இலையும். இங்கே ஒரு புத்தகத்தின் இரண்டு பாதியும் கட்டையும் இலையும். யாரும் யாரைப் பார்த்தும் எழுதவில்லை. நாம் ஓலையில் எழுதிப் பழகியவர்கள், மரத்தை வைத்தே யோசித்திருக்கிறோம், அவ்வளவுதான். வேர்ச்சொல்தேடி இதை எடுத்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது.

வேர்ச்சொல்தேடி:
ஓடவில்லை. ஓரமாக நின்று ரசிக்கிறேன்.

புதுவரவு:
அமெரிக்கத் தொடர்களில் சாப்பிட்டு முடித்ததும் ‘செக்’ கேட்கிறார்கள். முதலில் பார்த்தபோது சாப்பிட்டவருக்கு எதற்குக் காசோலை தருகிறார்கள் என்று குழம்பினேன். அது பில்லாம். விமான நிலையத்தில் பெட்டியைச் ‘செக்’ செய்வது என்றால் திறந்து பார்ப்பது என்று நினைத்தேன், அவர்கள் பெட்டியை ஒப்படைப்பதைச் சொல்கிறார்கள். ‘ரெயின் செக்’ வேறு. மழையைச் சோதிப்பதா?

நேர்கோடு:
இவை எல்லாம் அடிக்கட்டையின் பிள்ளைகள். பொருளை ஒப்படைத்தால் ஓர் அடையாளச் சீட்டோ வில்லையோ தருவார்கள், அதன் ஜோடி அவர்களிடம் இருக்கும். திரும்ப வரும்போது ஒப்பிட்டுப் பார்த்துப் பொருளைக் கொடுப்பார்கள். அந்த வில்லைக்குச் செக் என்று பெயர். பிறகு வில்லை வாங்கிக்கொண்டு ஒப்படைக்கும் செயலுக்கே அந்தப் பெயர் போய்விட்டது. உணவக பில்லும் அப்படித் தொகை குறித்துக் கொடுத்த சீட்டுதான்.

‘ரெயின் செக்’ அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் 1880களில் பிறந்தது. மழையால் ஆட்டம் நின்றுபோனால், டிக்கெட்டில் கிழித்து வைத்திருந்த பாதியைக் காட்டி இன்னொரு நாள் ஆட்டத்துக்கு வரலாம். இப்போது ஒரு அழைப்பை ‘இன்னொரு நாள் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதற்குச் சொல்கிறார்கள். மழையைத் தமிழில் கொண்டுவராதீர்கள், ‘அப்புறம் வருகிறேன்’ போதும்.

நாம் ‘டிக்’ போடுவது என்கிறோமே, அமெரிக்காவில் அந்தக் குறிக்கும் செக் என்றே பெயர். சீட்டாட்டத்தில் பந்தயம் கட்டாமல் தன் முறையைக் கடத்திவிடுவதும் செக்.

நிலாமுற்றம்:
துணி?

கறுப்புக்குதிரை:
பலகை. ‘செக்கர்’ என்றால் சதுரங்கப் பலகை, அதன் கட்டங்களைப் போலிருக்கும் துணி, அதைச் சுருக்கினால் செக். கார்ப்பந்தயத்தில் முடிவுக்கோட்டில் ஆட்டும் கறுப்பு வெள்ளைக் கொடியும் அதுதான். ஒருவருடைய வாழ்க்கையைச் ‘செக்கர்ட்’ என்று எழுதியிருந்தால் கட்டம் போட்ட வாழ்க்கை என்று எழுதிவிடாதீர்கள். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வந்த, ஏற்ற இறக்கம் உள்ள வாழ்க்கை. நம் ‘செக்கர் வானம்’ வேறு, அது சிவப்பு.

நேர்கோடு:
எல்லாம் சுவையாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நிலாமுற்றத்துக்கு இதனால் என்ன லாபம்? அவருக்கு நாளைக்கு ஒரு வாக்கியம் எழுத வேண்டும். டாரியஸ் கல்வெட்டு வந்து உதவி செய்யாது. சொல்லின் பிறப்பு வேறு, இன்றைய பொருள் வேறு. ஒரு நல்ல அகராதியைத் திறந்து ஐந்தாவது பொருளைப் பார்த்தால் முடிந்தது வேலை.

நிலாமுற்றம்:
அகராதியைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும், உண்மை. நான் ஏன் திறக்கவில்லை என்பதுதான் நேற்றிலிருந்து என்னைக் குடைகிறது. தெரியாத சொல்லாக இருந்தால் திறந்திருப்பேன். ‘செக்’ எனக்குத் தெரிந்த சொல், அதுதான் வினை. நாம் தினமும் பேசும் சொல்.

நாம் அதை எப்படிப் பேசுகிறோம் என்று எழுதிப் பார்த்தேன். சரிபார்த்தால் ‘செக் பண்ணு’. காசோலை என்றால் ‘செக் கொடு’, ‘செக் எழுது’. அரசியல் செய்தியில் ஒருவரை மடக்கினால் ‘செக் வைத்தார்’. ஆங்கிலத்தில் ஒரே சொல் எல்லா வேலையையும் செய்கிறது. தமிழில் பின்னால் வரும் வினை வந்து பொருளைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ‘செக் வைத்தார்’ என்று கேட்டு யாரும் பீரோவில் காசோலை வைத்தார் என்று நினைப்பதில்லை. இத்தனைக்கும் எழுத்தில்கூட வித்தியாசம் கிடையாது. க்யூவும் சி-கேவும் தமிழில் ஒன்றாகிவிட்டன.

ஆனால் ‘அடக்கி வைப்பது’ என்ற பொருளை மட்டும் நாம் கடன் வாங்கவே இல்லை. ‘கோபத்தை செக் பண்ணினார்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வாயில் இல்லாத பொருள் கையில் எப்படி வரும்? ஆங்கிலப் பக்கத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் மூளை நம்மிடம் இருக்கும் மூன்றிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. மன்னருக்குச் சரிபார்ப்பு, அரசியலமைப்புக்குக் காசோலை.

பழஞ்சுவடி:
இது நல்ல கண்டுபிடிப்பு அம்மா. நேர்கோடு கேட்டதற்கும் இதில் பதில் இருக்கிறது. ஐந்தாவது பொருள் என்று அகராதி சொல்லும், ஆனால் அது இருக்கிறது என்று முதலில் சந்தேகம் வர வேண்டுமே. ராஜா நின்றுபோன கதை தெரிந்தவருக்குத் ‘தடுப்பது’ என்ற பொருள்தான் முதலில் தோன்றும், ‘சரிபார்ப்பது’ அப்புறம்.

நேர்கோடு:
சரி. கல்வெட்டு உதவி செய்யாது, சதுரங்கம் செய்யும். அந்த அளவுக்கு இறங்கி வருகிறேன்.

கூட்டல்கழித்தல்:
கேட்டால் ஒன்று சொல்வேன், அந்த அத்தியாயத் தலைப்புக்கு என்ன போட்டீர்கள்?

நிலாமுற்றம்:
‘தடுப்பதிகாரமும் சமநிலையும்’ என்று முதலில் எழுதினேன். அந்தத் தொடரில் இரண்டு பொருளும் கலந்தே இருக்கின்றன: ஒரு தரப்பு இன்னொன்றைத் தடுக்கவும் வேண்டும், கண்காணிக்கவும் வேண்டும். சட்டம் இயற்றும் சபை அனுப்பியதை ஆட்சித்தலைவர் திருப்பி அனுப்புவது தடுப்பு. அவர் செலவுக் கணக்கைச் சபை கேட்பது சரிபார்ப்பு. ‘தடுப்பதிகாரம்’ முதலாவதை மட்டும் சொல்கிறது. தலைப்பை ‘ஒன்றுக்கொன்று கடிவாளம்’ என்று மாற்றிவிட்டு, உள்ளே இடத்துக்குத் தக்கபடி தடுப்பு, கண்காணிப்பு என்று பிரித்து எழுதிவிட்டேன். மன்னர் கோபத்தை அடக்கிக்கொண்டார்.

கறுப்புக்குதிரை:
கடிவாளம் நன்றாக இருக்கிறது. குதிரைக்காரன் சொல்கிறேன்.

நிலாமுற்றம்:
திருத்திய படிகள் இன்று காலை தொகுப்பாசிரியரிடமிருந்து திரும்பி வந்தன. தலைப்பை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் தமிழில் ‘செக்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். வினை இல்லை. ‘பார்த்தாகிவிட்டது’ என்கிறாரா, ‘இன்னொரு முறை பார்’ என்கிறாரா? கேட்கலாம் என்று எடுத்தால் தொலைபேசி பிசியாக இருக்கிறது.